விதையைக் கடித்துப் பார்த்தார் அப்பா: நந்தி மலையடிவாரத்தில் ஐந்து நாள்

பிப்ரவரி 13, 2025, வியாழன். அல்சூர்

கம்பத்திலிருந்து இரவு கிளம்பிய பேருந்து காலை ஆறரை மணிக்கு அப்பாவைப் பெங்களூர் மடிவாளாவில் இறக்கிவிட்டது. தோளில் ஒரு பை, கையில் கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டி. ஆட்டோவில் பெட்டியைக் கீழே வைக்கச் சொன்னால் கேட்கவில்லை. அல்சூர் வந்து சேரும்வரை மடியிலேயே வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால் நாலு கிலோ பன்னீர் திராட்சை. முந்தின நாள் மத்தியானம் வெட்டியது. பழத்தின் மேல் பூத்திருக்கும் அந்த வெள்ளை மாவு ஓரிடத்தில்கூடக் கலையவில்லை. பெட்டியின் அடியில் இன்னொரு பொட்டலம், அம்மா கொடுத்துவிட்ட உப்புக்கண்டம். அதைப் பற்றித் திங்கட்கிழமை எழுதுகிறேன்.

இந்தப் பயணம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் சுருளிப்பட்டி. அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் திராட்சைப் பந்தல். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த கொடி என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒயின் தொழிற்சாலை வேண்டும் என்று பள்ளத்தாக்கு விவசாயிகள் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஐம்பது வருடம் திராட்சையோடு இருந்த அப்பா ஒயின் திராட்சைத் தோட்டத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

நான் பெங்களூர் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. கடந்த இரண்டு வருடமாக பெங்களூருக்கு வடக்கே இருக்கும் நந்தி மலையைச் சுற்றி விளையும் ஒயின்களை மட்டும் வாங்கிச் சுவைத்து, பத்துக்கு இத்தனை என்று ஒரு நோட்டில் மதிப்பெண் போட்டு வருகிறேன். ஒரே வட்டாரத்தைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மண்ணும் மழையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், வித்தியாசம் ரகத்தாலும் கைப்பக்குவத்தாலும்தான் வரும். அதைப் பிரித்துப் பார்க்கப் பழகலாம். இதை அப்பாவிடம் சொல்ல ஆறு மாதம் தயங்கினேன். எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "கொடி எப்படி இருக்குன்னு பாக்கணுமே ஆத்தா" என்றார். அவ்வளவுதான்.

மத்தியானம் தூங்கி எழுந்ததும் சிவாஜிநகர் ரசல் மார்க்கெட்டுக்குப் போனோம். கருப்புத் திராட்சை கிலோ 80 ரூபாய். கடைக்காரர் தமிழர்தான். "பெங்களூர் புளூ ஐயா, வாயில போட்டுப் பாருங்க" என்று ஒரு கொத்தையே நீட்டினார். இந்த ரகத்துக்கும் 2013இல் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். அப்பா ஒரு பழத்தை இரண்டு விரலால் லேசாக அழுத்தினார். தோல் கையில் நின்றது, உள்ளே இருந்த கூழ் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

"இது நம்ம சாதி இல்ல. தொலி ஒட்டாம தனியா நிக்குது பாரு. வாசம் திராட்சை மிட்டாய் மாதிரி இருக்கு."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பெங்களூர் புளூ அமெரிக்கக் கொடி வழியில் வந்தது. அந்த வழித் திராட்சைகளின் மணத்துக்குக் காரணமான மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற பொருளைத்தான் திராட்சை மிட்டாயிலும் சேர்க்கிறார்கள். நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது. அவர் விரலால் கண்டுபிடித்துவிட்டார்.

சாயங்காலம் ஏரிக்கரையில் நடந்தோம். 2009இல் திறந்த வள்ளுவர் சிலைக்கு முன்னால் நின்று, "நல்ல இடமாத்தான் குடுத்திருக்காங்க" என்றார். குளிர் இல்லை, ஆனாலும் மப்ளரைக் கழற்றவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி. தொட்டபள்ளாபுரம் பக்கம்

சுமார் நாற்பது கிலோமீட்டர் போக இரண்டே முக்கால் மணி நேரம். எலகங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சியின் கடைசி நாள் என்பதை நான் மறந்துபோயிருந்தேன். ஹெப்பாளைத் தாண்டியதும் வண்டிகள் நகரவில்லை. தலைக்கு மேலே விமானங்கள் வானத்தைக் கிழித்துக்கொண்டு போக, அப்பா கார்க் கண்ணாடியை இறக்கி ஒவ்வொன்றையும் கழுத்து வலிக்கப் பார்த்தார். கண்காட்சிக்காக விமானத் தளத்தைச் சுற்றிப் பதின்மூன்று கிலோமீட்டருக்கு இறைச்சி விற்கவும் பரிமாறவும் தடை. இறைச்சிக் கழிவுக்குப் பருந்தும் காக்கையும் கூடினால் விமானத்துக்கு ஆபத்து என்பதால் இந்த ஏற்பாடு. பிரியாணி நினைப்போடு கிளம்பியவர்கள் சித்ரான்னமும் வடையும் சாப்பிட்டோம். இரண்டு பேருக்கு 130 ரூபாய். வடை சூடாக இருந்தது.

இந்த வட்டாரத்தில் ஒயினுக்கென்று பிரெஞ்சு ரகத் திராட்சையை நட்டுக் காட்டியவர் கன்வல் குரோவர். 1988இல் நந்தி மலையடிவாரத்தில் அவர் தொடங்கிய தோட்டம்தான் மற்றவர்களுக்கும் வழி காட்டியது. நாங்கள் போன தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. மதிப்பெண் போடுவது திராட்சை ரகத்துக்கு, கம்பெனிக்கு இல்லை.

காரை விட்டு இறங்கியதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "பந்தல் எங்க?"

பந்தல் இல்லை. இடுப்புயரக் கம்பிகளில் கொடியை வேலி மாதிரி நிறுத்தியிருக்கிறார்கள். கருங்கல் தூண்கள் மட்டும் எங்கள் ஊரைப் போலவே. செம்மண். தரைமட்டமே தொள்ளாயிரம் மீட்டருக்கு மேல். எங்கள் ஊர் அதில் பாதி உயரம்கூட வராது. பகலில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் ராத்திரி குளிர்ந்துவிடுவதால் பழத்தில் புளிப்பு தங்குகிறது என்று தோட்ட மேற்பார்வையாளர் விளக்கினார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். அப்பாவைப் பார்த்த உடனே "வாங்க ஐயா" என்று கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

அங்கிருந்த வேலையாட்களிடம் அப்பா கன்னடத்தில் பேச ஆரம்பித்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கம்பத்தில் வீட்டில் கன்னடம் பேசும் குடும்பங்கள் நிறைய. பக்கத்துத் தோட்டத்துக்காரர்களோடு பழகி அப்பாவுக்கு அது வரும். ஆனால் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் மலை தாண்டி வந்த கன்னடம் அது. ஒரு வயதான அம்மா அப்பா சொன்ன ஏதோ ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு, "எங்க பாட்டி இப்படிச் சொல்லுவா" என்று கன்னடத்தில் சொல்லி, தன் பையிலிருந்து வெற்றிலை எடுத்துக் கொடுத்தார்.

"கொடிக்கு எத்தன கிலோ?" இது அப்பாவின் இரண்டாவது கேள்வி.

"ரெண்டு, மூணு கிலோவுக்கு மேல விடமாட்டோம் ஐயா."

அப்பா நின்றுவிட்டார். எங்கள் பந்தலில் ஒரு கொடி பதினைந்து இருபது கிலோ காய்க்கும். "மிச்சத்த?" என்றார். பிஞ்சிலேயே கிள்ளிக் கீழே போட்டுவிடுவோம் என்று பதில் வந்தது. கொஞ்சமாகக் காய்த்தால் பழத்தில் சாரம் கூடும். அப்பா குனிந்து தரையைப் பார்த்தார். ஏப்ரலில் ஒரு கவாத்து, செப்டம்பர் அக்டோபரில் ஒரு கவாத்து, பிப்ரவரியில் வெட்டு தொடங்கும். வருடத்துக்கு ஒரே வெட்டுதான். எங்கள் ஊரில் இரண்டு வருடத்தில் ஐந்து வெட்டு எடுப்பவர்கள் உண்டு.

வெள்ளை ரகங்களின் வெட்டு தொடங்கியிருந்தது. சிவப்பு ஒயினுக்கான ஷிராஸ் ரகம் இன்னும் கொடியில் நின்றது. சின்னச் சின்னப் பழம், கெட்டித் தோல், மையைப் போலக் கருப்பு. மேற்பார்வையாளர் ஒரு பழத்தை நசுக்கிச் சர்க்கரை அளக்கும் கருவியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். இருபத்தொன்றரை. இருபத்துநாலு வர வேண்டுமாம். அப்பா இன்னொரு பழத்தை வாயில் போட்டு, சாற்றை விழுங்கி, தோலை மென்று துப்பினார். இரண்டு விதையை உள்ளங்கையில் எடுத்து வெயிலில் காட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் பழுப்பு, அடிப்பக்கம் இன்னும் பச்சை. பிறகு ஒன்றை முன்பல்லால் கடித்தார்.

"நொறுங்கல. பிசுக்குன்னு இருக்கு, கசக்குது. வறுத்த கடலை மாதிரி நொறுங்கணும். இன்னும் பத்து நாளு கெடக்கட்டும்."

மேற்பார்வையாளர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "ஐயா, நாங்களும் கருவியில சர்க்கரை பாத்துட்டு கடைசியா விதையத்தான் கடிச்சுப் பாப்போம். மாசக் கடைசிக்குள்ள வெட்டலாம்னுதான் பேசிட்டிருக்கோம்" என்றார். விதை பழுப்பேறி நொறுங்கினால்தான் ஒயினில் துவர்ப்பு முரடாக நிற்காமல் அடங்கும். அப்பாவுக்கு ஒயின் தெரியாது. விதை தெரியும்.

வரப்பில் நடந்துகொண்டிருந்தபோது, குரோவருக்கு ஆலோசனை சொல்ல பிரான்சிலிருந்து மிஷேல் ரோலான் வந்ததையும், அவர் ஊர் போர்டோ பக்கம் என்பதையும் சொன்னேன்.

"போர்டோவா? அது நம்ம மருந்துல்ல?"

நான் சிறுபிள்ளையாக இருந்ததிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்கிறேன். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. கலக்கிய பிறகு பளபளப்பான கத்தியை நனைத்துப் பார்ப்பார் அப்பா. கத்தியில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். இலையைத் தாக்கும் செவட்டை நோய்க்கு எங்கள் பந்தலில் அடிக்கும் போர்டோ கலவைக்கு அந்த ஒயின் ஊரின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அங்கே ரோட்டோரக் கொடிகளில் பழத்தைத் திருடாமல் இருக்கத் துத்தமும் சுண்ணாம்பும் தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகளுக்கு மட்டும் நோய் வரவில்லை என்பதைக் கவனித்து, மில்லர்டே என்ற தாவர அறிஞர் 1885இல் அதை மருந்தாக எழுதிவைத்தார். இந்தக் கதையைச் சொன்னதும் அப்பாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "திருடனால வந்த மருந்தா!" என்று மேற்பார்வையாளரிடம் இரண்டு தடவை சொன்னார்.

சுவைக்கும் அறைக்குள் போவதற்கு முன் தலையில் இருந்த மல்லிகையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன். பூ இருந்தால் மூக்கு வேறெதையும் கேட்காது. சோவின்யோன் பிளாங் என்ற வெள்ளை ஒயினில் பச்சைமிளகாய்க் காம்பை ஒடித்த வாசம், அதன் பின்னால் எலுமிச்சைத் தோல். நாக்கின் இரண்டு ஓரத்திலும் புளிப்பு சுரந்தது. ஏழு. இன்னொரு வெள்ளை, ஷெனின் பிளாங், லேசான இனிப்பு, வாசம் குறைவு. ஆறரை. ஷிராஸில் செய்த இளஞ்சிவப்பு ரோஸே நிறத்துக்கு அழகு, குடித்தால் சீக்கிரம் காணாமல் போகிறது. ஆறு. கபெர்னே சோவின்யோனும் ஷிராஸும் கலந்த சிவப்புக்கு ஏழு போட்டேன்.

அப்பா குடிக்கவில்லை. ஆனால் எல்லாக் கோப்பையையும் முகர்ந்தார். ஷிராஸ் மட்டும் தனியாக இருந்த கோப்பையில் மூக்கை வைத்தவர் நிமிரவே இல்லை. "குமுளி மிளகு ஆத்தா. பச்சையா பறிச்சது இல்ல, காஞ்சது." ரோட்டண்டோன் என்ற ஒரே பொருள்தான் மிளகுக்கும் ஷிராஸுக்கும் அந்த மணத்தைக் கொடுக்கிறது. என் நோட்டில் இரண்டு வருடமாக 'காரமான நறுமணம்' என்று எழுதிவைத்திருந்தேன். அதை அடித்துவிட்டுக் 'காய்ந்த மிளகு' என்று எழுதினேன்.

பிப்ரவரி 15, சனி. நந்தி கிராமம்

வெயில். பத்து மணிக்கே முதுகு எரிந்தது.

காலையில் ஒரு சிறிய ஒயின் தோட்டம். சுற்றிப் பார்ப்பதும் சுவைப்பதும் சேர்த்து ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம். அப்பா குடிக்க மாட்டார் என்றதும் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அவருக்குத் திராட்சைச் சாறும் கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள். உள்ளே எஃகுத் தொட்டிகளைச் சுற்றிக் குளிர்ந்த நீர் ஓடுகிறது. வெள்ளை ஒயின் நுரைக்கும்போது சூடு ஏறினால் வாசமெல்லாம் பறந்துவிடும். பக்கத்து அறையில் 225 லிட்டர் பிடிக்கும் ஓக் மரப் பீப்பாய்கள். அப்பா ஒன்றை விரல் மடக்கித் தட்டி, நிறைந்திருக்கிறதா என்று காது வைத்துக் கேட்டார்.

பீப்பாயில் வைத்த ஷிராஸ் ரிசர்வைப் பலரும் புகழ்வார்கள். எனக்கு மரவாசம் தூக்கலாகத் தெரிந்தது. புது அலமாரியைத் திறந்த மாதிரி. திராட்சை எங்கோ பின்னால் நின்றது. ஆறரைதான். வியோனியே என்ற வெள்ளை ஒயின் அப்படி இல்லை. கோப்பையை மூக்கருகே கொண்டுபோன உடனே செண்பகப்பூ. வாயில் கொஞ்சம் எண்ணெய்ப் பதம், முடிவில் பழுத்த மாம்பழத் தோலின் மெல்லிய கசப்பு. எட்டு போட்டு, ஒரு பாட்டில் 950 ரூபாய்க்கு வாங்கினேன். ரிசர்வ் ஒன்றும் வாங்கினேன்.

வியோனியேவைக் கார் டிக்கியில் வைத்ததுதான் தப்பு. போகநந்தீசுவரர் கோயிலில் அப்பா ஒவ்வொரு தூணையும் தொட்டுப் பார்த்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய கோயில், சோழர் காலத்துத் திருப்பணிகளும் உண்டு. பக்கத்தில் படிக்கட்டுகள் இறங்கும் பெரிய கல்யாணி, அதாவது தெப்பக்குளம். கல் தரை குளிர்ச்சியாக இருந்ததால் அப்பா மண்டபத்தில் ஒரு மணி நேரம் படுத்தும் விட்டார். அப்புறம் களியும் கீரைச்சாறும் சாப்பிட்டோம். களி உருண்டையை மெல்லாமல் விழுங்கச் சொல்லி எதிரே உட்கார்ந்திருந்த லாரி ஓட்டுநர் கற்றுக்கொடுத்தார். சாப்பாடு 60 ரூபாய், இரண்டாவது களி கேட்டதற்குக் காசு வாங்கவில்லை.

நாலு மணி நேரம் கழித்து டிக்கியைத் திறந்தால் வியோனியே பாட்டிலின் தக்கை அரை விரற்கடை மேலே ஏறி, கழுத்தில் பிசுபிசுவென்று வழிந்திருந்தது. ராத்திரி திறந்து பார்த்தேன். செண்பகம் இல்லை. வேகவைத்த ஆப்பிளும் கருகிய சர்க்கரையும் கலந்த மாதிரி ஒரு வாசம். நாலு மணி நேர வெயிலில் ஒரு வருட வேலை போய்விட்டது. எனக்கு அழுகையே வந்தது. "மே மாசம் லாரியில போற பழமும் இப்படித்தான் ஆத்தா, திறந்தா கொதிச்சிருக்கும்" என்று அப்பா சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா, நடப்பதைச் சொன்னாரா தெரியவில்லை. இந்தப் பாட்டிலுக்கு மதிப்பெண் போடவில்லை. வியோனியேவின் எட்டை மாற்றவும் இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு. சிக்கபள்ளாபுரம்

சூரிய உதயம் பார்க்க நாலு மணிக்குக் கிளம்பி, மலையடிவாரத்தில் வண்டி வரிசையிலேயே விடிந்தது. 1,478 மீட்டர் உயரமுள்ள மலையைக் கீழே இருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினோம். அப்பாவுக்கு அதில் வருத்தமே இல்லை. அவருக்கு ஒன்றுதான் பார்க்க வேண்டியிருந்தது, ரசல் மார்க்கெட்டில் பார்த்த அந்தக் கருப்புத் திராட்சையின் கொடி.

தட்டே இட்லி இரண்டும் ஒரு காபியும் சாப்பிட்டுவிட்டு, ரோட்டோரமாகப் பந்தல் தெரிந்த இடத்தில் வண்டியை நிறுத்தினோம். தோட்டக்கார அம்மா முதலில் தெலுங்கில் பேசினார், அப்புறம் கன்னடத்துக்கு மாறினார். அறிமுகம் இல்லாத எங்களை உள்ளே விட்டதே பெரிது. கல்தூண், கம்பி வலை, தலைக்கு மேலே தொங்கும் குலைகள். அப்பா பந்தலுக்கு அடியில் நுழைந்ததும் முதுகு தானாகக் கூனிக்கொண்டது. வீட்டில் இருக்கிற மாதிரியே நடந்தார். ஒரு இலையைத் திருப்பிப் பார்த்து, "செவட்ட இல்ல, நல்லா வச்சிருக்கீங்க" என்றார். இந்தக் கொடிக்கு நோய் தாங்கும் சக்தி கூட, மருந்துச் செலவு குறைவு என்று அந்த அம்மா சொன்னார்.

விலை கேட்டோம். தோட்டத்தில் வந்து எடுக்கும் வியாபாரி கிலோவுக்கு 35 ரூபாய் தருகிறாராம். ஒரு பாட்டில் ஒயினுக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே திராட்சை போகும். அப்பா காரில் ஏறியதும் கணக்குப் போட ஆரம்பித்தார். 35 ரூபாய்ப் பழம், 950 ரூபாய்ப் பாட்டில். அதன் பிறகு தானே தொட்டி, குளிர்ச்சி, பீப்பாய், பாட்டில், வரி, கடைக்காரன் லாபம் என்று ஒவ்வொன்றாகக் கழித்தார். அந்தக் கொடிக்கு மூன்று கிலோதான் என்பதையும் கழித்தார். எலகங்கா வரும்வரை விரல் மடங்கிக்கொண்டே இருந்தது. "வெவசாயி அவனே ஆட்டி அவனே புளிக்க வச்சா எவ்வளவு நிக்கும்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கர்நாடகாவில் 2007இலேயே திராட்சைக்கும் ஒயினுக்கும் என்று தனிக் கொள்கை கொண்டுவந்தார்கள் என்று மட்டும் சொன்னேன். "2007" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பிப்ரவரி 17, திங்கள். அல்சூர்

புது வியோனியே ஒன்று வாங்கி வந்தேன், ஈரத்துணி சுற்றி. பெங்களூர் புளூவில் செய்த இனிப்பு ஒயினும் ஒன்று, விலை 300 ரூபாய்க்குள்தான். ராத்திரி மாடிவீட்டு அக்காவும் வந்தார். பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி, எது எது என்று தெரியாதபடி என் வீட்டுக்காரர் ஊற்றிக் கொடுத்தார். தோட்டத்தில் வெறும் வாயோடு போட்ட மதிப்பெண் சாப்பாட்டோடு நிற்குமா என்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

நிற்கவில்லை. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு சோற்றோடு கபெர்னே கலவை வாய்க்குள் சண்டை போட்டது. புளியும் மிளகாயும் துவர்ப்பைத் தூண்டிவிட்டு, இரும்புத் துண்டை நக்கிய மாதிரி ஆனது. அஞ்சு. அதே குழம்புக்கு லேசாக இனித்த ஷெனின் அப்படிப் பொருந்தியது. காரத்தை அணைத்துவிட்டு அடுத்த கவளத்துக்கு வாயைத் தயாராக வைத்தது. ஆறரையிலிருந்து எட்டு. நாட்டுக்கோழி வறுவலோடு ரோஸேக்கும் ஒரு மதிப்பெண் கூடி ஏழானது. ரிசர்வ் அதே ஆறரையில் நின்றது.

அப்புறம் உப்புக்கண்டம். கறியை மஞ்சளும் உப்பும் போட்டு, கோத்து, வெயிலில் காயவைத்து எடுப்பது அம்மாவின் கைவேலை. நல்லெண்ணெயில் பொரித்து, கல்லுரலில் லேசாகத் தட்டி வைத்தேன். ஒரு நாரை மென்றுகொண்டே கபெர்னே கலவையை ஒரு வாய் வைத்தால், சற்று முன் இரும்பாக இருந்தது பட்டாகிவிட்டது. உப்பும் கொழுப்பும் துவர்ப்பின் முனையை மழுக்கிவிட்டன. மிளகு வாசம் மேலே வந்தது. மாடிவீட்டு அக்கா பேச்சை நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்தார். எட்டரை. இந்த ஐந்து நாளில் நான் போட்ட பெரிய மதிப்பெண் இதுதான். அதில் பாதி அம்மாவுக்குச் சேரும்.

பெங்களூர் புளூவுக்கு நான் அஞ்சு போட்டேன். இனிப்பு ஒரே தட்டையாக இருந்தது. அப்பா அந்த ஒன்றில் மட்டும் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"பழம் எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. ஒண்ணும் ஒளிக்கல. ஏழு போடு."

ஏழு என்று எழுதி, பக்கத்தில் 'அப்பா' என்று எழுதினேன். என் அஞ்சையும் அடிக்கவில்லை.

பத்தரைக்குப் பேருந்து. புதன்கிழமை கவாத்துக்கு ஆள் சொல்லியிருக்கிறாராம். காலிப் பாட்டில் ஒன்றைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டார். ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு நடை போய், பன்னீர் ரகத்தை ஒயினுக்கு விட்டால் கொடிக்கு எத்தனை குலை நிறுத்தலாம் என்று கேட்கப்போகிறேன் என்றார். இதை நான் கேட்காமலேயே சொன்னார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

தோட்ட மேற்பார்வையாளர் காலையில் படம் அனுப்பினார். நீலக் கூடைகளில் ஷிராஸ், கூடையின் ஓரத்தில் பனி ஈரம். இன்றைக்குத்தான் வெட்டு ஆரம்பம். அப்பா சொன்ன பத்து நாளுக்கு மேலே ஒரு நாள். படத்தை அப்பாவுக்கு அனுப்பிவிட்டு, போனில் கூப்பிட்டேன். பந்தலுக்கு அடியில் இருந்தார் போல, கத்தரிச் சத்தம் கேட்டது.

"ராத்திரி குளிரு கூட இருந்திருக்கும், அதான் ஒரு நாள் தள்ளிருச்சு" என்றார். "மழ ஒண்ணும் பெய்யலையே அங்க?"

பெய்யவில்லை என்றேன்.